அக்காவின் ஜன்னலில் பச்சைப் புள்ளி

என் அக்காவுக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் வளர்ந்த தெருவில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் எந்தப் பக்கம் சுற்றினேன் என்பதை என் சட்டையை முகர்ந்தே சொன்னவள் அவள். முதல் சிகரெட்டை ஊருக்கு வெளியே போய்ப் பிடித்து, மூன்று முறை வாய் கொப்பளித்து, ஒரு பொட்டலம் புதினா மிட்டாயை மென்று தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தவள், மிட்டாயை ஏண்டா வீணாக்கினே என்று மட்டும் கேட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அன்றோடு சிகரெட்டை விட்டேன். பாதி பயம், பாதி அந்த மூக்கின் மேல் இருந்த மரியாதை.

அப்பேர்ப்பட்ட மூக்கு ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டது. டாக்டர் முதலில் வந்துவிடும் என்றார், பிறகு வரலாம் என்றார், பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இதில் என்னைச் சீண்டுவதற்கென்றே அமைந்த விஷயம் ஒன்று உண்டு. நான் குழாய் எரிவாயு கம்பெனியில் கசிவு பார்ப்பவன். தெருத்தெருவாக நடந்து, பூமிக்கடியில் ஓடும் குழாயும் வீட்டுக்குள் போகும் இணைப்பும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் பார்க்கிற எனக்கு, கசிந்தாலும் தெரியாத ஒரு அக்கா. ஆபீஸில் இதை வைத்து என்னை ஓட்டாதவர்கள் கிடையாது.

அக்கா தையல்காரி. தெருமுனையில் தரைத்தள வீடு. அத்தான் இறந்து பத்து வருடமாகிறது, ஒரே மகள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் வேலை பார்க்கிறாள். முன்னறையில் தையல் மெஷின், பின்னால் சமையலறை, பக்கவாட்டில் ஒரு சந்து. வாசல் கேட்டின் தூணருகே நின்றால் சந்து வழியாகச் சமையலறை ஜன்னலும், அதன் கண்ணாடிக்குள் எதிர்ச்சுவரும் நேர்கோட்டில் தெரியும். இந்தக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் பட்ட அவமானம் முழுவதும் இதன் மேல்தான் நடந்தது.

காய்ச்சல் விட்ட இரண்டாம் மாதம் ஒருநாள் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. வாயு வந்துகொண்டே இருந்திருக்கிறது. அக்கா பக்கத்து அறையில் கழுத்துப்பட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தியதால் தப்பித்தாள்.

அன்று சாயங்காலமே குடும்பம் கூடியது. மகள் போனில் அழுதாள். என் மனைவி எங்கள் வீட்டில் அக்காவுக்கென்று ஒரு அறையை ஒழித்து, திரைச்சீலைகூட மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். நான் வழக்கம்போல் குரலை உயர்த்தினேன். அக்கா உதட்டில் வரிசையாகக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு விளிம்பு மடித்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் குட்டித் தலகாணியில் குத்திவிட்டு, அந்த அறை எனக்கு அளவு சரியா வராது என்றாள். நல்ல அறைதான், காற்றோட்டமான அறைதான், ஆனால் அதில் தான் இருப்பது வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வதுபோல என்றாள். தைப்பவளிடம் அளவு பற்றி யார் வாதாடுவது.

சமையலறை பிளக்கில் செருகுகிற வாயு அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். அதற்கு ஆயுசு ஒன்பது நாள். அக்கா எண்ணெய்க் கறையை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். அந்த மலிவு அலாரத்துக்கு ஸ்பிரிட்டும் ஒன்றுதான், எரிவாயுவும் ஒன்றுதான், எதைக் கண்டாலும் வீறிடும். ஒன்பதாம் நாள் அதைப் பிடுங்கி, நான்கு மடிப்புத் துணியில் சுற்றி, பட்டன் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். தொட்டதற்கெல்லாம் கத்துவதற்குத் தம்பி ஒருத்தன் போதும் என்று எனக்குச் செய்தி அனுப்பினாள்.

கோபம் தலைக்கேறி, ஆபீஸ் லேசரை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். பெரிய டார்ச் லைட் அளவுக் கருவி, நாங்கள் அதை டார்ச் என்றே சொல்வோம். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி போகும். கூடவே எங்கே படுகிறது என்று நமக்குக் காட்ட ஒரு பச்சைப் புள்ளியும் போகும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பும். வழியில் மீத்தேன், அதாவது எங்கள் குழாய் வாயு, இருந்தால் அந்த ஒளியில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். எவ்வளவு குறைந்து திரும்பியது என்பதை வைத்துத் திரையில் ஓர் எண் வரும். ஸ்பிரிட்டோ சென்ட்டோ நெயில் பாலிஷோ எதுவும் அதை ஏமாற்ற முடியாது, மீத்தேன் விழுங்குகிற அந்த ஒரே ஒளியைத்தான் அது அனுப்புகிறது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றே உள்ளே பார்த்துவிடலாம்.

இவ்வளவையும் அக்காவுக்கு விளக்கினேன். அவளுக்குப் பிடித்துப்போனது. திரும்பி வரும் ஒளி, வழியில் வாயு எந்த இடத்தில் இருந்தது என்று சொல்லுமா என்று கேட்டாள். சொல்லாது, மொத்தம் எவ்வளவு என்றுதான் சொல்லும் என்றேன். பிறகு இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றாள். கிட்டே போய், இன்னும் கிட்டே போய், தூரத்தைக் குறைத்துக்கொண்டே பார்க்க வேண்டும், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே இதுதான் என்று பெருமையடித்துக்கொண்டேன். அந்தப் பெருமைக்கு வட்டியும் முதலுமாகப் பின்னால் கிடைத்தது.

அன்று எங்களுக்குள் ஒப்பந்தம் ஆனது. தினமும் காலையில் என் சுற்று அந்தத் தெருவில்தான் தொடங்கும். கேட்டருகே நின்று சமையலறையை டார்ச்சால் ஒருமுறை பார்ப்பேன். என்றைக்கு எண் ஏறுகிறதோ அன்றைக்கு அவள் பேச்சுமூச்சு இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வரவேண்டும்.

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சரி. உன் டார்ச் சொன்னா கிளம்பறேன். நீ சொன்னா கிளம்ப மாட்டேன்."

இரண்டும் ஒன்றுதானே என்றேன். ஒன்றில்லை என்றாள். அப்போது எனக்கு அது வெறும் வாய்த்துடுக்காகத்தான் பட்டது.

மறுநாள் நான் போனபோது எதிர்ச்சுவரில், நான் குறிவைக்கும் இடத்தில், உள்ளங்கை அளவு வட்டமாக ஒரு வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. சுற்றிலும் சிவப்பு நூலில் சங்கிலித் தையல். வெள்ளையில் ஒளி நன்றாகத் திரும்பும் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். பச்சைப் புள்ளி அந்த வட்டத்தின் நடுவே போய் உட்கார்ந்தது. திரையில் இருபத்தெட்டு. வெறும் காற்றிலேயே துளி மீத்தேன் இருக்கும், அந்தத் தூரத்துக்கு இருபத்தெட்டு சரியான எண். ஜன்னலில் அக்கா முகம் தெரிந்தது. இரண்டு கைகளாலும் இருபத்தெட்டு என்று காட்ட முயன்று விரல் கணக்குத் தப்பி, கட்டைவிரலை மட்டும் உயர்த்தினேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. இருபத்தேழு, இருபத்தெட்டு, முப்பது, மறுபடி இருபத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். நான் கையாட்டுவேன், அவள் கையாட்டுவாள், அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வாரா வாரம் சைகை காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போயின என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவே அக்கா ஒரு செடி விஷயத்தை ஆரம்பித்தாள். கேட்டுத் தூணின் அடியில், நடைபாதை ஓரமாகச் செங்கல் பதித்து ஒரு பாத்தி கட்டியிருந்தாள். அடர்த்தியாக வளரும் ஒரு பச்சைச் செடி, பூக்காது, ஒன்றும் செய்யாது, இருக்கும். அது மஞ்சளாகிறது என்று ஒரு காலை ஜன்னலைத் திறந்து சொன்னாள். தண்ணீர் ஊற்று என்றேன். அடுத்த வாரம், தூணை ஒட்டிய பக்கம் மட்டும் காய்கிறது, மறுபக்கம் நன்றாக இருக்கிறது, வந்து பார் என்றாள். வேலை நேரத்தில் செடி பார்க்கச் சொல்கிறாயா என்று எரிந்து விழுந்தேன். மூன்றாவது வாரமும் சொன்னாள். நான் திரும்பக்கூட இல்லை. அந்தப் பாத்தியின் செங்கல் மேல்தான் தினமும் ஒரு காலை வைத்துக்கொண்டு நான் குறிபார்ப்பேன்.

அந்த வாரம் நகராட்சிக்காரர்கள் தெருவின் நடைபாதை முழுவதையும் புதிதாகச் சிமென்ட் போட்டு மூடினார்கள். அக்கா சண்டை போட்டு அந்தப் பாத்தியை மட்டும் காப்பாற்றியிருந்தாள்.

சிமென்ட் காய்ந்த மறுநாள். இலைகூட அசையாத காலை. செங்கல்லில் காலை வைத்தேன், டார்ச்சை நெஞ்சுயரத்தில் பிடித்தேன், வெள்ளை வட்டத்தில் பச்சைப் புள்ளியை நிறுத்தினேன். கருவி கீச்சென்று கத்தியது. நானூற்று அறுபது.

கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். ஐந்நூற்றுப் பத்து.

வேறு எந்த வீடாக இருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கு அத்துப்படி. மூன்றடி முன்னே போய் மறுபடி பார்த்திருப்பேன், இன்னும் மூன்றடி. அன்று நான் அந்த வேலை தெரிந்தவனாக இல்லை, அக்காவின் தம்பியாகத்தான் ஓடினேன். மீட்டர் பெட்டியில் வால்வைத் திருகி மூடினேன். மணியை அடிக்கக் கூடாது, பொறி பறக்கும் என்ற புத்தி மட்டும் இருந்தது. கதவைக் கையால் தட்டினேன், தட்டினேன் என்ன, இடித்தேன். அக்கா அளவுநாடா கழுத்தில் தொங்கத் திறந்தாள். எதையும் அணைக்காதே, எதையும் போடாதே, வெளியே வா என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்ததும் செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஐந்நூத்திப் பத்து."

தெருவின் எதிர்ப்பக்கம் நடந்து போய், பக்கத்து வீட்டம்மா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் உள்ளே போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். அதற்குப் பிறகுதான் அளந்தேன். நான்கு. ஐந்து. அந்தச் சின்னத் தூரத்துக்கு வெறும் காற்றே காட்டுகிற எண், அவ்வளவுதான். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழிகூட வரவில்லை. அடுப்புத் திருகுகள் மூடியிருந்தன. ஜன்னலைத் திறந்ததால் எல்லாம் வெளியேறிவிட்டது, சுவருக்குள் எங்கோ மறைவாகக் கசிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்புவதற்கு ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பயம் இறங்கியதும் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இனி அக்கா எங்கள் வீட்டில் இருப்பாள். இனி இரவில் நடுவே விழித்து அந்தச் சமையலறையை நினைக்க வேண்டாம்.

வெளியே வந்து சொன்னேன். காரணம் தெரியவில்லை, சுவரை உடைத்துத்தான் பார்க்கவேண்டியிருக்கும், இணைப்பைத் துண்டிக்கிறேன், நீ கிளம்பலாம். அழுவாள், வாதாடுவாள் என்று அதற்கெல்லாம் பதிலை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அக்கா எழுந்தாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், எனக்கு முன்னால் பிறந்தவள் அப்படி. உள்ளே போய்க் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினாள். பாதி தைத்திருந்த துணிகளை உரியவர் பேர் எழுதிய காகிதத்தோடு மூட்டையாகக் கட்டினாள். கடைசியாகச் சமையலறைக்குப் போய், சுவரில் இருந்த வெள்ளை வட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது என் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

எங்கள் வேன் ஓட்டுபவர் வந்து சேர்ந்தார். எதற்குமே அவசரப்படாத மனிதர் என்பதால் அவருக்கு ஆபீஸில் அவசரம் என்று பெயர். வண்டியைக் கேட்டருகே நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, தையல் மெஷினைத் தூக்கப் பத்து நிமிடம் திட்டம் போட்டார். ஒருவழியாக இருவரும் ஏற்றினோம். அக்கா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு அறிக்கைத் தாளை எடுத்தேன். கசிவு இருந்த இடம் என்ற கட்டத்தில், வீட்டினுள் என்று எழுதப் பேனாவை வைத்தேன்.

"அந்தச் செடியை மட்டும் தோண்டி எடுத்துக்கட்டுமாடா?" என்று அக்கா கேட்டாள்.

செத்த செடி உனக்கு எதற்கு என்றேன். பாதி சாகவில்லை, மூன்று வாரமாகச் சொல்கிறேன், நீ ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சும்மாதான் சொன்னாள். சரி, இதையாவது செய்துகொடுப்போம் என்று அவசரத்திடம் மண் அள்ளும் கரண்டி ஒன்று வாங்கிக்கொண்டு குனிந்தேன்.

தூணை ஒட்டிய பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. மறுபக்கம் பச்சையாக இருந்தது. கரண்டியை இறக்கினேன். மேலே ஈரம். நாலு விரல் ஆழத்தில் மண் சாம்பலும் கறுப்புமாகப் பொடிப்பொடியாக இருந்தது. தண்ணீர் ஊற்றியும் ஒட்டாத மண்.

குழாய் போகிற வழியில் ஒரு செடி மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அங்கே நில் என்பது எங்கள் வேலையின் இரண்டாவது பாடம். வேரைச் சுற்றியிருக்கும் காற்றை வாயு வெளியே தள்ளிவிடும், செடி மூச்சு முட்டிச் சாகும். இதை வருடத்துக்கு இருமுறை புதியவர்களுக்குப் படம் போட்டு நடத்துகிறவன் நான். அக்காவின் செடி என்பதால் அது எனக்கு வெறும் செடியாகிவிட்டது.

டார்ச்சை எடுத்துக் கீழே, என் செருப்புக்குப் பக்கத்தில், பாத்தியைப் பார்த்துப் பிடித்தேன். நான்காயிரத்துச் சொச்சம். வீட்டின் வால்வு மூடிக் கிடக்கிறது, எண் ஏறிக்கொண்டே போகிறது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. நடைபாதைக்கு அடியில் ஓடும் எங்கள் கம்பெனிக் குழாயில் கசிவு. மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரு முழுக்கப் பரவி மண் வழியாகக் காற்றில் கலந்திருக்கிறது. சிமென்ட் போட்டு எல்லா வழியையும் அடைத்ததும், திறந்திருந்த ஒரே இடத்தில், அக்கா சண்டை போட்டுக் காப்பாற்றிய பாத்தியில், மொத்தமாக மேலே வந்திருக்கிறது. நான் காலை வைத்து நின்ற இடத்தில். டார்ச்சிலிருந்து கிளம்பிய ஒளி முதல் ஓரடியிலேயே வாயுவுக்குள் புகுந்து, பிறகு சுத்தமான சந்தைக் கடந்து, சுத்தமான சமையலறைக்குள் போய்த் திரும்பியிருக்கிறது. இடத்தை அது சொல்லாது. சொன்னவன் நான்.

அவசரம் வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தார். இஞ்சினைத் தொடாதீர்கள், தள்ள வேண்டும் என்றேன். அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினார். அக்காவும் இறங்கி வந்து தோள்கொடுத்தாள். தையல் மெஷினோடு வேனைத் தெருக்கோடிவரை மூவரும் தள்ளினோம். இரு பக்கமும் கயிறு கட்டி, வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் வெளியே வரச்சொன்னேன். அரை மணியில் அவசரப் பழுதுக் குழு வந்து குழாயை அடைத்தது. ஒவ்வொரு வீட்டையும் உள்ளே போய்ப் பார்த்தோம், எங்கும் வாயு ஏறியிருக்கவில்லை. புதுச் சிமென்ட்டை உடைத்துத் தோண்டியபோது, கேட்டிலிருந்து இரண்டடி தள்ளி, குழாய் இணைப்பில் விரல் நீள வெடிப்பு இருந்தது.

குழுவின் மேஸ்திரி குழியில் குனிந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றுமே வரவில்லை என்றார். கசிவு தெரியட்டும் என்று வாயுவில் நாங்கள் கலந்து அனுப்பும் நாற்றத்தை மண் வழியிலேயே உறிஞ்சிக்கொண்டுவிடும், அதனால்தான் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. சுற்றி நின்ற எல்லோரும் ஆளுக்கொரு முறை மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அக்காவும் வந்து எட்டிப் பார்த்து, பலமாக ஒருமுறை மூச்சிழுத்து, எனக்கும் ஒண்ணும் தெரியலை என்று மிகுந்த திருப்தியோடு சொன்னாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அவசரம் வேனை மறுபடி கேட்டருகே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"டார்ச் என்ன சொல்லுச்சு?" என்றாள் அக்கா.

"வழியில வாயு இருக்குன்னு சொல்லுச்சு."

"வீட்டுக்குள்ள இருக்குன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னா கிளம்ப மாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்ல. மெஷினை இறக்கு."

இறக்கினோம். அவசரம் இந்த முறை திட்டம் எதுவும் போடவில்லை. முன்னறையில் மெஷினின் நான்கு கால்களும் தரையில் பதிந்திருந்த பழைய பள்ளங்களிலேயே போய் உட்கார்ந்தன. அவர் போன பிறகு, அக்கா நூல்கண்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது, நான் ஒப்புக்கொண்டேன். எண் ஏறியபோது பயந்தேன், ஆனால் பிறகு கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன் என்று.

"தெரியும். உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. எனக்கு மூக்குதான் போச்சு." நூலை ஊசியில் கோத்தாள். "நானும் ஒண்ணு சொல்லட்டுமா? வேன்ல ஏறி உக்காந்தப்ப எனக்கும் கொஞ்சம் சந்தோஷமாதான் இருந்துச்சு. இனிமே இவனை நடுவுல ஜன்னல் கண்ணாடி இல்லாமப் பாக்கலாமேன்னு."

சுற்றிலும் பார்த்தேன். சுவரில் இருந்த நாள்காட்டி புதிது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி இடம் மாறியிருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன், அது வந்து ஒரு வருடமாகிறது என்றாள். இரண்டு வருடமாகத் தினமும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாலு மீட்டர் தூரத்தில் நின்று ஒரு துண்டுச் சுவரைத்தான் பார்த்திருக்கிறேன். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அக்கா கையில் கிடைத்த ஒரு வெட்டுத்துணியை நீட்டினாள். யாருடைய சட்டைக் கையோ தெரியவில்லை.

அறிக்கையில் கசிவு இருந்த இடம் நடைபாதைக்கு அடியில் என்று எழுதினேன். எதனால் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கட்டத்தில், தையல்காரியின் செடி, மூன்று முறை சொன்னாள், நான் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு வார்த்தைகளை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை.

மறுநாள் காலை கேட்டருகே போனதும் முதலில் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். பாத்தியில் புது மண், அதில் செடியின் பிழைத்த பாதி. டார்ச்சால் அதை ஒருமுறை பார்த்தேன், சுத்தம். நிமிர்ந்தபோது கேட்டுத் தூணின் மேல், சமையலறை ஜன்னலைப் பார்த்த பக்கமாக, சிவப்புச் சங்கிலித் தையல் போட்ட அந்த வெள்ளை வட்டம் ஒட்டப்பட்டிருந்தது. இடத்தை மாற்றி ஒட்டிவிட்டாளோ என்று ஜன்னலைப் பார்த்தேன். அக்கா உள்ளே நின்றுகொண்டு, இங்கிருந்து அங்கே என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். பிறகு கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உள்ளே போனேன். சமையலறையில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தாள், பக்கத்தில் மூடி போட்ட தேநீர். முக்காலியில் உட்கார்ந்து, அதே ஜன்னல் வழியாக, அதே சந்து வழியாக, கேட்டுத் தூணைப் பார்த்து டார்ச்சைப் பிடித்தேன். பச்சைப் புள்ளி வட்டத்தின் நடுவில் போய் நின்றது. அதே கோடு, அதே தூரம், இந்த முனையிலிருந்து.

எவ்வளவு என்று அக்கா கேட்டாள். இருபத்தெட்டு என்றேன். தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, குடித்துவிட்டுப் போ, அடுத்த தெரு ஓடிப்போகாது என்றாள்.